தொலைக்காட்சி விளம்பரங்கள் பார்ப்பவர்களை எப்படி நம்ப வைக்கின்றன?

திருநெல்வேலி மாவட்டம் முக்கூடல் பக்கம் எங்களுக்குப் பலசரக்குக் கடை இருக்கிறது. கடைக்கு வருகிறவர்களில் பெரும்பாலோர் பீடி சுற்றும் பெண்கள். விளம்பரம் எப்படி வேலை செய்கிறது என்று அவர்களைப் பார்த்துத்தான் நான் புரிந்துகொண்டேன். அதை வைத்தே பதில் சொல்கிறேன்.

மத்தியானம் எந்த வீட்டுக்குள் எட்டிப் பார்த்தாலும் மடியில் தட்டு இருக்கும். தட்டில் வெட்டின பீடி இலை, புகையிலைத் தூள், நூல். எதிரே டிவியில் சீரியல். ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்று கூலி என்பதால் கை நிற்காது, கண்ணும் முக்கால்வாசி நேரம் இலையில்தான். விளம்பரம் வந்தால் எழுந்து போய் சேனல் மாற்ற யாருக்குக் கை ஒழியும்? கேபிள் டிவி விதிப்படி ஒரு மணி நேரத்தில், சேனலின் சொந்த விளம்பரத்தையும் சேர்த்து, 12 நிமிடம் வரை விளம்பரம் போடலாம். அதற்குள் ஒரே சோப்புத்தூள் இரண்டு மூன்று தடவை வந்துவிடும். அதன் பாட்டு காதில் விழுந்துகொண்டே இருக்கும், யாரும் உட்கார்ந்து கவனிப்பதில்லை. விளம்பரத்துக்கு அதுதான் வசதி. கவனித்துக் கேட்டால்தானே ‘இது நிஜமா?’ என்று எதிர்க்கேள்வி வரும்.

ராபர்ட் சையன்ஸ் என்ற உளவியலாளர் ஒன்று திரும்பத் திரும்பக் கண்ணில் பட்டால் என்ன ஆகும் என்று சோதித்து 1968-ல் எழுதினார். அர்த்தம் தெரியாத சொற்களையும் சீன எழுத்து போன்ற குறிகளையும் ஆட்களுக்குக் காட்டினார். சிலவற்றை ஓரிரு முறை, சிலவற்றைப் பல முறை. அதிகம் பார்த்தவைதான் நல்ல அர்த்தம் உள்ளவையாக அவர்களுக்குத் தோன்றின. பழகிய முகத்தை நம்புவது மாதிரிதான். எங்கள் கடையிலும் அதையே பார்க்கிறேன்.

“அந்தப் புது சோப்புத்தூள்ல ஒண்ணு குடு தம்பி.”

“ஏன் மதினி, பழசு நல்லாத்தானே இருந்துச்சு?”

“நல்லாத்தான் இருந்துச்சு. இது கறையெல்லாம் சீக்கிரம் போக்குமாம்.”

யார் சொன்னார்கள் என்று கேட்டால் யோசிப்பார். டிவி என்று சொல்லத் தோன்றாது. எங்கோ கேட்டது, அவ்வளவுதான்.

நடிகரைக் கொண்டுவருவது, ஆடித் தள்ளுபடி, ‘இன்றே கடைசி’ இதெல்லாம் எல்லோருக்கும் தெரிந்த வித்தை, விடுங்கள். எனக்கு மனது ஆறாதது பிள்ளைகளை வைத்து விற்பது. பக்கத்து வீட்டுப் பையன் உயரமாக நிற்பான், நம் பையன் சோர்ந்து உட்கார்ந்திருப்பான், அம்மாவின் முகம் வாடும். அப்புறம் டம்ளரில் ஒரு பானம். முதலில் பயத்தைக் கொடுத்துவிட்டு மருந்தைப் பின்னால் நீட்டுகிறார்கள். பீடிக் கூலியில் அந்தப் பாக்கெட்டை வாங்கும் தாய் ஏமாளி இல்லை. பிள்ளைக்குக் குறை வைத்துவிடக் கூடாதே என்ற தவிப்புதான் அவரை வாங்க வைக்கிறது. 2024 ஏப்ரலில் மத்திய வர்த்தக அமைச்சகம் இந்த மாதிரி பானங்களை ‘ஹெல்த் டிரிங்க்’ வரிசையிலிருந்து எடுக்கும்படி இணைய விற்பனை நிறுவனங்களுக்குச் சொன்னது. உணவுப் பாதுகாப்புச் சட்டத்தில் அப்படியொரு வகைக்கு வரையறையே இல்லை. பாக்கெட்டைத் திருப்பிப் பாருங்கள்: எது எடையில் அதிகமோ அதைத்தான் முதலில் எழுத வேண்டும் என்பது விதி. சர்க்கரை எத்தனையாவது இடத்தில் நிற்கிறது என்று பாருங்கள். கருப்பட்டி போட்டு, நல்லெண்ணெய் ஊற்றி உளுந்தங்களி கிண்டிக் கொடுத்து வளர்த்த ஊர் இது. அதற்குப் பாட்டுப் போட்டு விற்க ஆளில்லை, அதனாலேயே அது பழங்காலச் சாப்பாடாகிவிட்டது.

இன்னொன்று, திரையின் அடியில் ஓடும் பொடி எழுத்து. ‘படைப்பு நோக்கில் சித்திரிக்கப்பட்டது’, ‘நிபந்தனைகளுக்கு உட்பட்டது’ என்றெல்லாம் வருமே, அது. 2022 ஜூனில் வந்த மத்திய அரசின் வழிகாட்டுதல்கள் விளம்பரம் எந்த மொழியில் பேசுகிறதோ அதே மொழியில் இந்த வாசகமும் தெளிவாகத் தெரிய வேண்டும் என்கின்றன. ஆதாரம் இல்லாமல், இதைச் சாப்பிட்டால் பிள்ளைக்கு அறிவு கூடும் என்று காட்டவும் தடை இருக்கிறது. நல்ல விதிகள்தான். ஆனால் பொருளின் பெருமையைக் குரலில் சொல்லிவிட்டு நிபந்தனையை எழுத்தில் போட்டால், இலையைப் பார்த்தபடி காதால் மட்டும் கேட்கும் பெண்ணுக்கு அது போய்ச் சேராது. நிபந்தனையையும் அதே குரலில், அதே வேகத்தில் படிக்க வேண்டும் என்று விதி வர வேண்டும்.

ஏதாவது விளம்பரம் பொய் சொல்கிறது என்று தோன்றினால் சேனல், நாள், நேரம் மூன்றையும் குறித்துக்கொண்டு 1915-க்குக் கூப்பிடுங்கள். தேசிய நுகர்வோர் உதவி எண் அது, கட்டணம் கிடையாது, தமிழிலேயே பேசலாம்.