கண்டம் விட்டுக் கண்டம் இணையம் எந்த வழியாகப் போகிறது? கடலடிக் கேபிள் அறுந்தால் ஏன் சில நாடுகள் மட்டும் முடங்குகின்றன?

கேள்வியில் மூன்று சந்தேகங்கள் இருக்கின்றன. டேட்டா கடல் தாண்டிப் போவது சாட்டிலைட் வழியாகவா, கேபிள் வழியாகவா? கேபிள் என்றால் அது நகரங்களை எப்படி இணைக்கிறது? ஒரு கேபிள் அறுந்தால் சில நாடுகள் முடங்கிப்போகின்றன, சில நாடுகளுக்கு அது தெரிவதே இல்லை, ஏன்?

பதினொரு வருடமாக நெட்வொர்க் கண்காணிப்பு அறையில் ஷிஃப்ட் பார்க்கிறேன். எந்த லிங்க், அதாவது இணைப்பு, எப்போது விழுகிறது, டிராஃபிக், அதாவது டேட்டா ஓட்டம், எந்தப் பக்கம் திரும்புகிறது என்று திரையைப் பார்த்துக்கொண்டே இருக்கும் வேலை. அதனால் மூன்றாவது சந்தேகம்தான் எனக்கு நெருக்கமானது. மற்ற இரண்டையும் சொல்லிவிட்டு அங்கே வருகிறேன்.

முதல் சந்தேகத்துக்குப் பதில்: கேபிள். கண்டங்களுக்கு இடையே போகும் டேட்டாவில் மிகப் பெரும்பகுதி கடலடிக் கேபிள்களில்தான் ஓடுகிறது. டிவி ஒளிபரப்புக்குப் பயன்படும் சாட்டிலைட்டுகள் 35,786 கிலோமீட்டர் உயரத்தில் நிற்கின்றன. சிக்னல் மேலே போய்க் கீழே வரவே கால் நொடி ஆகும். நாம் கேட்டது போய்ப் பதில் திரும்ப அரை நொடி. தாழ்வாகச் சுற்றும் புதிய சாட்டிலைட்டுகளில் இந்தத் தாமதம் குறைவு. கப்பலுக்கும், மலையுச்சிக்கும், கேபிள் போகாத தீவுக்கும் அவை பெரிய உதவி. ஆனால் கொள்ளளவில் அவை கேபிளின் பக்கத்தில்கூட வர முடியாது. 1956இல் அட்லாண்டிக்கைக் கடந்த முதல் தொலைபேசிக் கேபிளான டாட்-1 ஒரே நேரத்தில் 36 பேச்சுகளைத்தான் சுமந்தது. 1988இல் கண்ணாடி இழையோடு வந்த டாட்-8 சுமார் 40,000 பேச்சுகளைச் சுமந்தது. 2021இல் அமெரிக்காவுக்கும் பிரான்ஸுக்கும் இடையே வேலை செய்யத் தொடங்கிய டூனாண்ட் கேபிளில் இருப்பது வெறும் 12 ஜோடி இழைகள். நொடிக்கு 250 டெராபிட் அதில் போகும். ஒரு டெராபிட் என்றால் லட்சம் கோடி பிட்.

இவ்வளவும் போகும் அந்தப் பொருள் எவ்வளவு மெல்லியது என்பதுதான் என்னை இன்றைக்கும் அசத்துகிறது. ஆழ்கடலில் கிடக்கும் கேபிளின் ஒரு துண்டு, கட்டைவிரல் நீளத்தில், என் மேசை மேல் இருக்கிறது. தடிமன் 17 மில்லிமீட்டர். தோட்டத்துக்குத் தண்ணீர் விடும் ஹோஸ் பைப் அளவுதான். வெட்டிய முகத்தைப் பார்த்தால் வெளியே பாலிஎத்திலீன் உறை, அதற்குள் செம்புக் குழாய், அதற்குள் நெருக்கமாக முறுக்கிய எஃகுக் கம்பிகள், நடுவே பசை நிரப்பிய ஒரு சிறு குழாய். அந்தப் பசைக்குள்ளேதான் இழைகள் கிடக்கின்றன, தலைமுடி போல. ஒவ்வொரு இழையிலும் ஒளி ஓடும் மையப்பகுதி ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்குகூட இல்லை. கரைக்குப் பக்கத்தில்தான் கேபிளுக்கு மேலும் எஃகுக் கவசம் போட்டுத் தடியாக்குவார்கள், கலப்பை போன்ற கருவியால் கடல் தரையை உழுது புதைப்பார்கள். ஆழத்தில் அது சும்மா தரையில் கிடக்கும். அங்கே அதைத் தொடுவதற்கு யாரும் இல்லை.

அந்தச் செம்புக் குழாய் எதற்கு என்று பலரும் கேட்பார்கள். டேட்டாவுக்கு இல்லை, மின்சாரத்துக்கு. எவ்வளவு சுத்தமான கண்ணாடியாக இருந்தாலும் நூறு கிலோமீட்டர் போவதற்குள் ஒளியில் நூறில் இரண்டு மூன்று பங்குதான் மிஞ்சும். அதனால் 60 முதல் 100 கிலோமீட்டருக்கு ஒரு ரிப்பீட்டர் வைக்கிறார்கள். அதற்குள் எர்பியம் என்ற தனிமம் கலந்த சில மீட்டர் இழை இருக்கும். தனி லேசர் ஒன்று அந்த எர்பியத்துக்குச் சக்தியை ஏற்றி வைத்திருக்கும். சோர்ந்துபோய் வரும் சிக்னல் அதைக் கடக்கும்போது அந்தச் சக்தி சிக்னலோடு சேர்ந்துகொள்ளும். ஒளி ஒளியாகவே வலுப்பெற்று மேலே போகும். இந்த லேசர்களுக்கான மின்சாரத்தைக் கரையிலிருந்து பல ஆயிரம் வோல்ட் அழுத்தத்தில் செம்பு வழியாக அனுப்புகிறார்கள். 25 வருடம் யாரும் திறந்து பார்க்காமல் கடலடியில் உழைக்க வேண்டும் என்று கணக்குப் போட்டுத்தான் ஒவ்வொரு ரிப்பீட்டரையும் செய்கிறார்கள்.

1966இல் இயற்பியலாளர் சார்லஸ் காவ் ஒரு விஷயத்தைச் சொன்னார்: ஒளி மங்குவதற்குக் காரணம் கண்ணாடி இல்லை, கண்ணாடியில் கலந்திருக்கும் அசுத்தம். நான்கே வருடத்தில் கார்னிங் என்ற அமெரிக்கக் கண்ணாடி நிறுவனத்தார் அப்படிச் சுத்தமான இழையைச் செய்து காட்டினார்கள். காவுக்கு நோபல் பரிசு கிடைத்தது 2009இல்தான். அவ்வளவு தாமதம் நியாயமே இல்லை என்பது என் கருத்து.

சரி, நகரங்கள். கேபிள் நகரத்துக்கு நேராக வருவதில்லை. அமைதியான ஒரு கடற்கரையில் கரையேறும், மணலுக்கடியில் ஒரு மேன்ஹோலில் தரைக் கேபிளோடு சேரும், பக்கத்திலுள்ள லேண்டிங் ஸ்டேஷனுக்குப் போகும். அங்கிருந்து தரைவழி ஃபைபர், ரயில் பாதை ஓரமாகவும் நெடுஞ்சாலை ஓரமாகவும் நகரத்தின் டேட்டா சென்டர் வரை போகும். இங்கிலாந்தின் பியூட் ஒரு சின்னக் கடற்கரை ஊர். அட்லாண்டிக்கைத் தாண்டி வரும் கேபிள்கள் அங்கே கரையேறுகின்றன, அவை சுமந்து வருவது லண்டனின் டிராஃபிக். சிங்கப்பூர், பிரான்ஸின் மார்செய், பிரேசிலின் ஃபோர்ட்டலேசா போன்ற ஊர்களில் பல கேபிள்கள் ஒன்றுகூடுகின்றன. ஒரு கேபிளில் வந்த டேட்டா அங்கே வேறு கேபிளுக்கு மாறும். ரயிலில் ஜங்ஷன் மாதிரி.

இங்கே ஒரு கணக்கைத் தெரிந்துகொண்டால் மீதி எல்லாம் விளங்கும். கண்ணாடிக்குள் ஒளி நொடிக்குச் சுமார் இரண்டு லட்சம் கிலோமீட்டர் ஓடும். அப்படியானால் ஆயிரம் கிலோமீட்டர் கேபிளில் போய்த் திரும்பப் பத்து மில்லிசெகண்ட். அங்கோலாவின் லுவாண்டாவும் பிரேசிலின் ஃபோர்ட்டலேசாவும் அட்லாண்டிக்கின் எதிரெதிர்க் கரைகள். ஆனாலும் லுவாண்டாவிலிருந்து கிளம்பும் டேட்டா ஐரோப்பாவுக்கு ஏறி, அமெரிக்காவுக்குத் தாண்டி, பிறகு பிரேசிலுக்கு இறங்கிய காலம் உண்டு. போய்வர 350 மில்லிசெகண்ட் ஆனது. 2018இல் இரண்டு ஊருக்கும் நேராக 6,000 கிலோமீட்டருக்குச் சற்று அதிகமான நீளத்தில் ஒரு கேபிள் போட்டார்கள். அந்த நேரம் ஏறக்குறைய 63 மில்லிசெகண்டாகக் குறைந்தது. எங்கள் கணக்கைப் போட்டுப் பாருங்கள், சரியாக வரும். வரைபடத்தில் எது பக்கம் என்பது முக்கியமில்லை, கண்ணாடி எந்த வழியாகப் போகிறது என்பதுதான் தூரம்.

இதை நீங்களே பார்க்கலாம். கம்ப்யூட்டரில் டிரேஸ்ரூட் கட்டளையை ஓட்டினால் வழியில் உள்ள ரூட்டர்களின், அதாவது டேட்டாவுக்கு வழிகாட்டி அனுப்பும் கருவிகளின், பெயர்கள் வரிசையாக வரும். அந்தப் பெயர்களில் பெரும்பாலும் விமான நிலையக் குறியீடு ஒளிந்திருக்கும்: எஸ்ஐஎன் என்றால் சிங்கப்பூர், எம்ஆர்எஸ் என்றால் மார்செய். ஒரு வரிக்கும் அடுத்த வரிக்கும் இடையே நேரம் திடீரென்று எகிறினால் அங்கேதான் கடலைத் தாண்டியிருக்கிறது. வேலைக்குச் சேர்ந்த புதிதில் இதையே பொழுதுபோக்காக வைத்திருந்தேன்.

இப்போது அறுந்துபோவது. உலகம் முழுவதும் வருடத்துக்கு 150 முதல் 200 பழுதுகள் வருகின்றன. பெரும்பாலானவற்றுக்குக் காரணம் மீன்பிடி வலையும் கப்பல் நங்கூரமும்தான். சுறா கடிக்கிறது என்ற கதையை விட்டுவிடலாம். இவ்வளவு பழுதும் நம் கண்ணில் படாமல் போவதற்குக் காரணம், ஒரு வழி அடைபட்டால் ரூட்டர்கள் தாமாகவே வேறு வழிக்கு மாறிக்கொள்வதுதான். வேறு வழி இருந்தால்! 2022 ஜனவரி 15இல் டோங்காவில் எரிமலை வெடித்தபோது அந்த நாட்டுக்கு வெளியுலகத் தொடர்பாக ஒரே ஒரு கேபிள் இருந்தது. அது அறுந்து, ஐந்து வாரத்துக்கு மேல் ஆனது சரியாக.

ஆனால் பல கேபிள்கள் இருந்தால் மட்டும் போதாது, எல்லாமே ஒரே இடுக்கில் போனால் அது ஒரு கேபிள் மாதிரிதான். 2006 டிசம்பர் 26இல் தைவானுக்குத் தெற்கே நிலநடுக்கம் வந்து, கடலடியில் சேறு சரிந்து ஓடி, ஒன்பது கேபிள்களை அறுத்தது. 11 கப்பல்கள் சேர்ந்து 49 நாள் வேலை செய்தன. ஐரோப்பாவையும் ஆசியாவையும் இணைக்கும் கேபிள்களில் பெரும்பாலானவை செங்கடல் வழியாக ஏறி, எகிப்தைத் தரைவழியாகக் கடந்து, மத்தியதரைக் கடலில் இறங்குகின்றன. 2008 ஜனவரி 30இல் அலெக்சாண்டிரியா பக்கம் இரண்டு கேபிள்கள் அறுந்ததும் எகிப்தும் வளைகுடா நாடுகளும் இந்தியாவும் ஒன்றாகத் திணறின. இதற்கு மாற்று வழி போடுவது பணத்தால் மட்டும் முடிகிற காரியம் இல்லை, நாடுகள் அனுமதிக்க வேண்டும். அதனால்தான் இத்தனை வருடத்துக்குப் பிறகும் அந்த இடுக்கு அப்படியே இருக்கிறது.

பழுதுபார்ப்பது முழுக்கக் கைவேலை. கரையிலிருந்து இழைக்குள் ஒளித் துடிப்பு அனுப்பி, எவ்வளவு நேரத்தில் எதிரொளி திரும்புகிறது என்பதை வைத்து அறுந்த இடத்தைக் கணக்கிடுவார்கள். கப்பல் அங்கே போய்க் கொக்கியைக் கடலடியில் இழுக்கும். நான்கு கிலோமீட்டர் ஆழத்தில் 17 மில்லிமீட்டர் கேபிளை இப்படித்தான் தேடுகிறார்கள். ஒரு முனை கிடைத்ததும் அதை ஒரு மிதவையில் கட்டிவிட்டு மறுமுனையைத் தேடிப் போவார்கள். இரண்டு முனையும் தண்ணீருக்கு மேலே வந்து சேர வேண்டுமானால் பழைய நீளம் போதாது, அதனால் புதுக் கேபிளை நடுவில் இணைப்பார்கள். பிறகு கப்பலுக்குள் ஒருவர் உட்கார்ந்து ஒவ்வொரு இழையாகத் தோலுரித்து, ஆல்கஹாலில் துடைத்து, முனையைச் சீராக வெட்டி, மின்பொறியில் உருக்கி ஒட்டுவார். தரையில் அந்த ஸ்பிளைசிங் வேலையை நான் செய்திருக்கிறேன். ஒரு தூசு உட்கார்ந்தாலும் மறுபடி வெட்ட வேண்டும். ஆடும் கப்பலில் அதைச் செய்பவர்கள் மேல் எனக்குத் தனி மரியாதை உண்டு.

கடைசியாக, நானே பார்த்த ஒன்று. எங்கள் வாடிக்கையாளர் ஒருவர் இரண்டு நிறுவனங்களிடமிருந்து இரண்டு லிங்க் வாங்கியிருந்தார். கடலில் வேறு வேறு கேபிள், கரையேறுவது வேறு வேறு இடம். ஒன்று போனாலும் மற்றது தாங்கும் என்று எல்லோரும் நம்பினோம். ஒரு நாள் அதிகாலை இரண்டும் விழுந்தன. நான் கடலில் என்ன ஆயிற்று என்று தேட ஆரம்பித்தேன். பக்கத்தில் இருந்த சீனியர் அலாரத்தில் இருந்த நேரத்தைக் காட்டினார். இரண்டும் ஒரே நொடி. “கடலைப் பார்க்காதப்பா, ரோட்டைப் பாரு” என்றார். அப்படித்தான் இருந்தது. நகரத்துக்குள் வரும் கடைசிச் சில கிலோமீட்டர் இரண்டு லிங்க்கும் ஒரே குழாயில் வந்திருக்கின்றன. குடிநீர்க் குழாய்க்குப் பள்ளம் தோண்டிய இயந்திரம் ஒரே அள்ளலில் இரண்டையும் அறுத்துவிட்டது. ஒன்பது மணி நேரம் ஆனது ஒட்டி முடிக்க. அந்த ஒன்பது மணி நேரமும் வாடிக்கையாளரின் போனுக்குப் பதில் சொன்னது நான்தான்.

அதற்குப் பிறகு இரண்டாவது லிங்க் வாங்க வருகிறவர்களிடம் வேகத்தையும் விலையையும் பற்றிப் பேசுவதற்கு முன்னால் ஒன்றைக் கேட்கச் சொல்கிறேன்: கேபிள் போகும் பாதையின் வரைபடக் கோப்பு. கேஎம்இசட் ஃபைல் என்பார்கள். இரண்டு நிறுவனத்திடமும் வாங்கி, ஒரே வரைபடத்தில் ஒன்றின் மேல் ஒன்றாகப் போட்டு, இரண்டு கோடுகளும் எங்கெங்கே ஒட்டுகின்றன என்று தெருத் தெருவாகப் பெரிதாக்கிப் பார்க்க வேண்டும். தர மறுக்கிற நிறுவனத்திடம் நான் வாங்க மாட்டேன்.