ஊராரின் ஒப்புதல்

அன்புள்ள ஐயா,

முனைவர் பட்ட மாணவர்களுக்கு, மக்களோடு கூட்டாக ஆய்வு செய்வது குறித்து ஒரு தாள் நடத்தவிருக்கிறேன். வினாநிரல், குழு உரையாடல், ஊர் வரைபடம் ஆகியவற்றுக்கு எத்தனை வகுப்புகள் ஒதுக்கலாம்?

கே.

அன்புள்ள கே.,

இப்படியொரு தாளை நடத்த முன்வந்திருக்கிறீர்கள் என்பதே எனக்குப் பெரிய மகிழ்ச்சி. வகுப்புக் கணக்கை உங்கள் வசதிப்படி வைத்துக்கொள்ளுங்கள். ஊர் வரைபடத்தை ஒரு மதியத்தில் கற்றுக்கொடுத்துவிடலாம். ஆனால் கடிதம் முழுக்கக் கருவிகளைப் பற்றியே எழுதியிருக்கிறீர்கள்; மாணவனை மறுத்துப் பேசக்கூடிய ஒரு மனிதர்கூட அதில் இல்லை. இது எனக்குக் கோபத்தையே தருகிறது.

அரிசோனாவில் நடந்ததை முதல் வகுப்பிலேயே சொல்லுங்கள். கிராண்ட் கேன்யன் பள்ளத்தாக்கில் வாழும் ஹவாசுபாய் பழங்குடியினர், தங்களை வாட்டும் நீரிழிவுக்குக் காரணம் தெரியவரும் என்று நம்பி, 1990 முதல் அரிசோனா மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளர்களுக்கு இரத்தம் கொடுத்தார்கள். அந்த இரத்தம் மனச்சிதைவு பற்றிய ஆய்வுக்கும், அவர்களுடைய முன்னோர் எங்கிருந்து குடிபெயர்ந்தார்கள் என்ற ஆய்வுக்கும் போனது. அந்தப் பள்ளத்தாக்கிலேயே தோன்றியவர்கள் நாங்கள் என்று நம்பும் மக்களிடம் இதை யாரும் கேட்கவில்லை. ஒப்புதல் படிவம் இருக்கத்தான் செய்தது. நடத்தைக் கோளாறுகள், மருத்துவக் கோளாறுகள் என்று எதையும் உள்ளடக்கிக்கொள்ளும் சொற்களோடு இருந்தது. 2003இல் ஒரு மாணவர் தம் ஆய்வேட்டை முன்வைத்த அரங்கில், கார்லெட்டா டிலூசி என்ற ஹவாசுபாய் பெண் எழுந்து, எங்கள் இரத்தத்தைப் பயன்படுத்த அனுமதி பெற்றீர்களா என்று கேட்ட பிறகே விஷயம் வெளியே வந்தது. வழக்கு 2010இல் உடன்பாட்டில் முடிந்தது; 7 லட்சம் டாலரும், மீதமிருந்த இரத்தமும் அம்மக்களுக்குக் கிடைத்தன.

அந்த மாணவருக்காகவும் நான் வருந்துகிறேன். டிலூசியின் கேள்வியைத் தலைப்பு முடிவான நாளிலேயே அவர் எதிர்கொண்டிருக்க வேண்டும். ஆகவேதான், ஒவ்வொரு மாணவரின் ஆய்வையும் மேற்பார்வையிடும் ஆய்வுக்குழுவில், ஆய்வு நடக்கும் ஊரைச் சேர்ந்த ஒருவர் உறுப்பினராக அமர வேண்டும் என்று பல ஆண்டுகளாகச் சொல்லிவருகிறேன். தலைப்பை ஏற்கவும் தள்ளவும் அவருக்கு உரிமை வேண்டும். ஆய்வு வேறு பக்கம் திரும்பினால் மறுபடி அவரிடம்தான் போக வேண்டும். முடிவுகள் அச்சேறுவதற்கு முன் ஊராருக்குப் புரியும் மொழியில் அவர்கள் முன்னால் படிக்கப்பட வேண்டும். பல்கலைக்கழக விதி இடம் தராது என்று சொல்லாதீர்கள். ஆய்வுக்குழுக் கூட்டத்தை ஊர்ப் பள்ளிக்கூடத்தில் நடத்துவதற்கு எந்த விதி குறுக்கே நிற்கிறது? இப்படிச் செய்தால் ஆய்வு மூன்றாண்டில் முடியாது என்பதையும் நான் ஏற்க மாட்டேன். முடியாவிட்டால் தலைப்பைச் சுருக்குங்கள், மக்களைச் சுருக்காதீர்கள்.

முதல் பருவத்தில் உங்கள் மாணவர்களை வினாநிரல் இல்லாமல் அனுப்பி, எதை ஆராய வேண்டும் என்று கேட்டுவரச் சொல்லுங்கள். உங்கள் ஆய்வே எங்களுக்கு வேண்டாம் என்ற பதிலோடு ஒரு பிள்ளை திரும்பி வந்தால், அதை முறையாக எழுதச் சொல்லி முழு மதிப்பெண் கொடுங்கள்.