காணாமற்போன மேற்கோள் பாணிகள்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: தோட்டப் பாடசாலையொன்றில் கற்பித்துக்கொண்டே, கல்விமாணிப் பட்டத்துக்கான ஆய்வேட்டை மைக்ரோசொப்ட் வேர்ட் 2016 இல் எழுதி வருகிறேன். மடிக்கணினி மெதுவாக இயங்கியதால் நகரத்துக் கடையொன்றில் கொடுத்து விண்டோஸை மீண்டும் நிறுவுவித்தேன். ஆய்வேட்டைப் பென் டிரைவில் எடுத்து வைத்திருந்தேன். இப்போது அதைத் திறந்தால், ‘ரெபரன்சஸ்’ பட்டியிலுள்ள ‘ஸ்டைல்’ பெட்டி வெறுமையாக இருக்கிறது, ஏ.பி.ஏ., ஹார்வர்ட் போன்ற மேற்கோள் பாணிகள் எதுவுமே இல்லை. உசாத்துணைகள் அனைத்தையும் மீண்டும் தட்டச்சு செய்ய வேண்டுமா?
– ஆசிரியை, பொகவந்தலாவை

பதில்: வேண்டியதில்லை. உங்கள் நூல்விவரங்களும் அவற்றை அடுக்கிக் காட்டும் பாணியும் வேர்டில் இரு வேறு இடங்களில் இருக்கின்றன. காணாமற்போனது பாணி மட்டுமே. அதைத் திரும்ப வைப்பது கால் மணி நேர வேலை.

நீங்கள் உள்ளிட்ட ஆசிரியர் பெயர், ஆண்டு, தலைப்பு ஆகியவை ஆய்வேட்டுக் கோப்புக்குள்ளேயே பதிந்திருக்கும். நம்பிக்கை வராவிட்டால் ‘மேனேஜ் சோர்சஸ்’ என்பதை அழுத்திப் பாருங்கள். வலப்பக்கம் ‘கரண்ட் லிஸ்ட்’ என்ற தலைப்பின்கீழ் உங்கள் நூல்கள் வரிசையாக நிற்கும். இடப்பக்கத்து ‘மாஸ்டர் லிஸ்ட்’ வெறுமையாக இருக்கலாம். அது கணினியில் தனிக் கோப்பாக இருந்தது, விண்டோஸோடு சேர்ந்து அழிந்திருக்கும். வலப்பக்கத்தில் உள்ளவற்றைத் தெரிவு செய்து நடுவிலுள்ள ‘கொப்பி’ பொத்தானை அழுத்தினால் அந்தப் பட்டியலும் நிரம்பிவிடும். அடுத்த ஒப்படைக்கு அது உதவும்.

இனிப் பாணிக்கு வருவோம். ஏ.பி.ஏ.க்கு ஒன்று, சிக்காகோவுக்கு ஒன்று, எம்.எல்.ஏ.வுக்கு ஒன்று என, ஒவ்வொரு பாணியும் எக்ஸ்.எஸ்.எல். என்ற பின்னொட்டுடைய ஒரு சிறு கோப்பாகும். வேர்ட் 2007, 2010 பதிப்புகளில் இவை வேர்ட் நிறுவப்பட்ட கோப்புறைக்குள்ளேயே இருந்தன. 2013 முதல் ஒவ்வொரு பயனருக்கும் உரிய ‘ஆப்டேட்டா’ கோப்புறைக்குள் வைக்கப்படுகின்றன. இந்தக் கோப்புறையை விண்டோஸ் மறைத்தே வைத்திருப்பதால் சாதாரணமாகத் தேடுபவரின் கண்ணில் அது படாது. பயனர் கணக்கு மாறினாலோ விண்டோஸ் புதிதாக நிறுவப்பட்டாலோ அந்தக் கோப்புறையும் வேறொன்றாகிவிடுகிறது. உங்களுக்கு நேர்ந்ததும் அநேகமாக இதுவே.

அங்கே போவதற்கு விண்டோஸ் விசையையும் ‘ஆர்’ எழுத்தையும் ஒன்றாக அழுத்துங்கள். திரையின் இடப்பக்க மூலையில் தோன்றும் சிறு பெட்டியில் ஒரு சதவீதக் குறி, இடைவெளி விடாமல் ஆப்டேட்டா என்ற சொல் ஆங்கில எழுத்தில், மீண்டும் ஒரு சதவீதக் குறி எனத் தட்டி ‘என்டர்’ கொடுங்கள். ‘ரோமிங்’ என்ற கோப்புறை திறக்கும். அதற்குள் ‘மைக்ரோசொப்ட்’, அதற்குள் ‘பிப்ளியோகிராபி’, அதற்குள் ‘ஸ்டைல்’. இந்தக் கடைசிக் கோப்புறை காலியாக இருந்தால் நோய் இதுதான் என்று உறுதி செய்துகொள்ளலாம். அப்படியொரு கோப்புறையே இல்லையென்றால், அதே பெயரில் நீங்களே ஒன்றை உருவாக்கலாம்.

பின்னர், வேர்ட் 2013 அல்லது அதற்குப் பிந்திய பதிப்பு ஒழுங்காக இயங்கும் வேறொரு கணினியில், உடன் படிப்பவருடையதோ பாடசாலைக் கணினிக் கூடத்தினதோ, இதே வழியில் ‘ஸ்டைல்’ கோப்புறையைத் திறந்து உள்ளே இருக்கும் கோப்புகள் எல்லாவற்றையும் பென் டிரைவில் எடுத்து வாருங்கள். வழக்கமாகப் பன்னிரண்டு அளவில் இருக்கும். அவற்றை உங்கள் கோப்புறையில் ஒட்டி, வேர்டை முழுவதுமாக மூடித் திறந்தால் ‘ஸ்டைல்’ பெட்டியில் பெயர்கள் வந்துவிட வேண்டும். உரிய பாணியைத் தெரிந்தெடுத்து, உசாத்துணைப் பட்டியலை ஒருமுறை சொடுக்கி, அதன் தலைமேல் தோன்றும் ‘அப்டேட்’ பொத்தானை அழுத்துங்கள். கைத்தொலைபேசி வழியாக அனுப்புவிப்பதாயின் கோப்பின் பெயர் மாறாமல் வந்திருக்கிறதா என்று பாருங்கள், எக்ஸ்.எஸ்.எல். என்பதற்குப் பின்னால் வேறொரு பின்னொட்டு ஒட்டிக்கொண்டால் வேர்ட் அதைக் கண்டுகொள்ளாது. ஊரெல்லாம் சுற்றிய பென் டிரைவை வைரஸ் சோதனை செய்யாமல் திறக்க வேண்டாம் என்பதையும் சொல்லி வைக்கிறேன்.

‘ஒபிஸை ரிப்பெயர் செய்யுங்கள்’ என்று கடைக்காரர் சொல்லக்கூடும். ‘குயிக் ரிப்பெயர்’ இணையமில்லாமலே சில நிமிடங்களில் முடியும். செய்து பார்ப்பதில் கெடுதியில்லை. ‘ஒன்லைன் ரிப்பெயர்’ ஏறத்தாழ முழு ஒபிஸையும் மீண்டும் பதிவிறக்குவதற்குச் சமம். மழைக் காலத்தில், தோட்டத்தில் இருந்துகொண்டு தொலைபேசி டேட்டாவில் அதைத் தொடங்குவது வீண் செலவு. சில சிறு கோப்புகளுக்காக அந்த அளவுக்குப் போக வேண்டியதில்லை என்பதே என் கருத்து.

பாணி திரும்பும்வரை ஒன்றை மட்டும் தவிர்த்துக்கொள்ளுங்கள். மேற்கோளின் அம்புக்குறியை அழுத்தினால் வரும் ‘கன்வர்ட் சைட்டேஷன் டு ஸ்டேட்டிக் டெக்ஸ்ட்’ என்ற கட்டளையைத் தொட வேண்டாம். அது மேற்கோளை வெறும் எழுத்தாக்கிவிடும். அதன் பின்னர் பாணி வந்தும் அந்த மேற்கோளுக்குப் பயனில்லை.

கேள்வி: எனக்கு ‘ஸ்டைல்’ பெட்டியில் எல்லாப் பாணிகளும் இருக்கின்றன. ஆனால் மேற்கோளைச் சொடுக்கினால் முன்போல் சாம்பல் நிறப் பெட்டி தோன்றுவதில்லை. பாணியை மாற்றினாலும் எதுவும் மாறவில்லை. அச்சிடக் கொடுத்த இடத்தில் கோப்பைச் ‘சேவ்’ செய்து தந்தார்கள்.
– மாணவர், மஸ்கெலியா

பதில்: கோப்பின் பின்னொட்டைப் பாருங்கள். டொக் என்று மட்டும் முடிந்தால், அது 97–2003 காலத்துப் பழைய வடிவில் சேமிக்கப்பட்டிருக்கிறது. அந்த வடிவத்துக்கு மாற்றும்போது மேற்கோள்களும் உசாத்துணைப் பட்டியலும் வெறும் எழுத்தாகிவிடும். மறுபடி டொக்எக்ஸ் ஆகச் சேமித்தாலும் உயிர் பெறா. கடைக்குக் கொடுப்பதற்கு முன்பிருந்த மூலப் பிரதியைத் தேடி எடுத்து, பின்னர் செய்த திருத்தங்களை அதிலே சேருங்கள். இனிமேல் அச்சுக்குப் பி.டி.எப். மட்டும் கொடுங்கள்.

கேள்வி: ஏ.பி.ஏ. ஏழாம் பதிப்பின்படி உசாத்துணை தரவேண்டும் என்று விரிவுரையாளர் கூறுகிறார். என் வேர்டில் ஆறாம் பதிப்பு மட்டுமே இருக்கிறது. ஏழாவது அழிந்துபோய்விட்டதா?
– டிப்ளோமா மாணவி, பண்டாரவளை

பதில்: அழியவில்லை, உங்களுடையது பழைய வேர்டாயின் அதில் முதலிலிருந்தே இல்லை. ஏழாம் பதிப்பு 2019 ஒக்டோபரில் வெளியானது, அதற்கு முன்பே வந்துவிட்ட வேர்ட் 2013, 2016 ஆகியன ஆறாம் பதிப்போடு நின்றுவிட்டன. நம்பகமான ஒருவரிடம் ஏழாம் பதிப்புக்குரிய எக்ஸ்.எஸ்.எல். கோப்பு இருந்தால், மேலே பொகவந்தலாவை ஆசிரியைக்குச் சொன்ன அதே கோப்புறையில் வைத்தால் போதும்.

கிடைக்காவிட்டால் ஆறாம் பதிப்பிலேயே முழுவதையும் எழுதி முடித்து, கோப்பை இன்னொரு பெயரில் பிரதியெடுத்து, அந்தப் பிரதியில் மட்டும் பட்டியலை வெறும் எழுத்தாக்கிக் கையால் திருத்துங்கள். முக்கியமாக இரண்டைக் கவனிக்க வேண்டும். நூலுக்கு வெளியீட்டிடம் எழுதும் வழக்கம் ஏழாம் பதிப்பில் இல்லை. ‘கொழும்பு:’ என்பதை நீக்கிப் பதிப்பகத்தின் பெயரை மட்டும் விட வேண்டும். மூவரோ அதற்கு மேற்பட்டோரோ எழுதிய நூலாயின், உரையின் நடுவே முதல் தடவையிலேயே முதலாமவர் பெயரோடு ‘மற்றும் பிறர்’ என்று சுருக்கிவிடலாம். இன்னும் பல ஆண்டுகள் ஆய்வில் இருக்கப் போகிறவராயின், ஸொட்டெரோ என்ற இலவச மென்பொருளைப் பழகிக்கொள்வது நல்லது. அது வேர்டின் பாணிக் கோப்புகளை நம்பியிருப்பதில்லை. ஏழாம் பதிப்பும் அதில் இருக்கிறது.

கேள்வி: தமிழ் நூல்களை உள்ளிட்டால் ஆசிரியர் பெயர் விசித்திரமாக வருகிறது. பாணிக் கோப்பு பழுதாகிவிட்டதா?
– ஆசிரிய மாணவர், கொட்டகலை

பதில்: பழுதில்லை. கடைசிச் சொல்லைக் குடும்பப் பெயராகவும் முன்னுள்ளதைச் சொந்தப் பெயராகவும் கொள்ளுமாறு அது எழுதப்பட்டிருக்கிறது. ‘பெருமாள் சந்திரா’ என்று தட்டினால் ‘சந்திரா’ முன்னுக்கு வருவது நமக்கும் பொருந்திவிடும். ஆனால் தந்தை பெயரைச் சுருக்கும்போது ‘பெ.’ என்பதற்குப் பதிலாக ‘ப.’ என்று வந்துவிடக்கூடும், ஏனெனில் நாம் ஓரெழுத்தாகக் காணும் ‘பெ’யைக் கணினி அகரமேறிய மெய், உயிர்க்குறி என இரண்டாகவே எண்ணுகிறது. நூல்விவரப் படிவத்தில் ‘கோப்பரேட் ஓதர்’ என்ற சதுரத்தில் சரி போட்டு, ‘சந்திரா, பெ.’ என்று நீங்கள் விரும்பும் வடிவிலேயே தட்டுங்கள். வேர்ட் அதை வெட்டாமல் அப்படியே எடுத்துக்கொள்ளும். உரையின் நடுவிலும் இனிஷியலோடு வரும் என்பதால், அங்கே மேற்கோளைச் சொடுக்கி ‘எடிட் சைட்டேஷன்’ மூலம் ஆசிரியர் பெயரை மறைத்துவிட்டு, பெயரை வாக்கியத்திலேயே எழுதிவிடலாம்.