இங்கிலாந்தில் வாடகை வீட்டுக்கு 'எஃப்' தரம்: வீட்டுக்காரர் சரிசெய்ய வேண்டுமா?

வாடகை வீட்டின் எரிசக்திச் சான்றிதழில் (வீடு எவ்வளவு சிக்கனமாகச் சூடாகிறது என்று 'ஏ' முதல் 'ஜி' வரை தரம் போடுவது, 'ஏ'தான் சிறந்தது) 'எஃப்' என்றிருக்கிறது, குளிரும் தாங்கவில்லை என்கிறீர்கள். சரிசெய்யத்தான் வேண்டும். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2020 ஏப்ரல் 1 முதல் தனியார் வாடகை வீடுகள் குறைந்தது 'இ' தரத்தில் இருந்தாக வேண்டும்.

ஆனால் வீட்டுக்காரர் கைக்காசு போட வேண்டியது, வாட் வரியோடு சேர்த்து, 3,500 பவுண்டு வரைதான். அதற்குள் தரம் ஏறாவிட்டால், முடிந்ததைச் செய்துவிட்டு 5 ஆண்டுக்கு விலக்கு வாங்கிக்கொள்ளலாம். இந்த வரம்பு ரொம்பக் குறைவு என்பேன். கூரைக்கு அடியில், மச்சில், குளிர் தடுக்கும் பஞ்சு விரிக்க அது போதும். நடுவில் இடைவெளியில்லாத பழைய செங்கல் சுவர்களுக்கு உள்பக்கம் காப்புப் பலகை அடிக்கப் பெரும்பாலும் எட்டாது.

என்ன வேலை செய்தால் தரம் எவ்வளவு ஏறும் என்று சான்றிதழிலேயே இருக்கும். அதைக் காட்டி எழுத்தில் கேளுங்கள். அசையவில்லையா, உள்ளூர் கவுன்சிலிடம் போங்கள். 5,000 பவுண்டு வரை அபராதம் போடலாம்.