நாலு பேர் செய்த ஸ்லைடுகளை ஒரே மாதிரி ஆக்குவது

நாலு பேர் செய்த ஸ்லைடுகளை ஒரே பவர்பாயிண்ட் கோப்பில் சேர்த்ததும் எழுத்துரு, அளவு, நிறம் எல்லாம் ஆளுக்கொரு விதமாக நிற்கிறது, ஸ்லைடு மாஸ்டரில் (எல்லா ஸ்லைடுக்கும் பொதுவான தோற்றத்தை வைத்திருக்கும் இடம்) மாற்றியும் அசையவில்லை என்கிறீர்கள். கையால் போட்ட வடிவமைப்பு மாஸ்டரை மிஞ்சி நிற்கும், அதனால்தான்.

முதலில் கோப்பை நகல் எடுத்துக்கொள்ளுங்கள். இடப்பக்கச் சிறுபடங்களில் ஒன்றைச் சொடுக்கி, கன்ட்ரோல் ஏ அழுத்தி, ஹோம் பட்டையில் ரீசெட் கொடுங்கள். தலைப்பும் உள்ளடக்கப் பெட்டியும் லேஅவுட்டில் (அந்த ஸ்லைடுக்கான அமைப்பில்) உள்ள இடத்துக்கும் அளவுக்கும் திரும்பிவிடும், நீங்கள் வேண்டுமென்றே நகர்த்தி வைத்ததும் சேர்த்துத்தான், அதனால் பிறகு ஒரு முறை புரட்டிப் பாருங்கள்.

ஆனால் இன்செர்ட் வழியாகத் தனியாகப் போட்ட டெக்ஸ்ட் பாக்ஸ்களை ரீசெட் தொடவே தொடாது. பாதித் தலைவலி அங்கேதான். அவுட்லைன் வியூவில் எந்த ஸ்லைடின் தலைப்பு காலியாகத் தெரிகிறதோ, அதில் யாரோ தலைப்பை டெக்ஸ்ட் பாக்ஸில் அடித்திருக்கிறார்கள். அதை வெட்டி உண்மையான தலைப்புப் பெட்டியில், எழுத்தை மட்டும் ஒட்டும் தெரிவில் ஒட்டுங்கள். மிச்சமிருக்கும் டெக்ஸ்ட் பாக்ஸ்களைத் தேர்ந்து கன்ட்ரோல் ஸ்பேஸ் அழுத்தினால் எழுத்தின் மேல் கையால் போட்ட வடிவமைப்பெல்லாம் போய்விடும், தடித்த எழுத்து உட்பட.

அப்புறமும் வேற்று எழுத்துரு எங்காவது ஒட்டிக்கொண்டிருந்தால், ரீப்ளேஸ் ஃபான்ட்ஸ் என்ற கட்டளை அதைக் கோப்பு முழுக்க ஒரே தடவையில் மாற்றிவிடும்.