குரூகர் கடைசி நாள்: சட்டாராவிலிருந்து எந்தக் கேட்?

தென்னாப்பிரிக்காவின் குரூகர் தேசியப் பூங்காவில், சட்டாரா முகாமிலிருந்து காரில் ஜோகன்னஸ்பர்க் போக எந்த வழி என்று கேட்டிருந்தீர்கள். ஸ்கூகூசா முகாம் வழியாகத் தெற்கே இறங்காதீர்கள். ஆர்பன் கேட் வழியாக வெளியேறுங்கள். ஜோகன்னஸ்பர்க்கிலிருந்து இரவு 7 மணிக்குக் கிளம்பும் விமானத்துக்கு அதுதான் நிம்மதி.

பூங்காவுக்குள்ளும் நெடுஞ்சாலை வேகத்தில் கணக்குப் போட்டிருப்பீர்கள் போல. உள்ளே தார்ச் சாலையில் 50 கி.மீ., மண் சாலையில் 40தான் உச்சம். ஸ்கூகூசா 93 கி.மீ., நிற்காமல் போனாலே இரண்டு மணி நேரம். நடுவே சிங்கம் படுத்திருந்தால் சொல்லவே வேண்டாம், முன்னும் பின்னும் கார்கள்! ஆர்பன் கேட் 48 கி.மீ.தான். போகிற வழியில் ந்செமானி அணையில் கொஞ்சம் நில்லுங்கள், அதுவே காலை சஃபாரி.

முந்தின மாலையே சட்டாரா பங்க்கில் டேங்கை நிரப்பிவிட்டு, முகாம் கதவு திறக்கும் நேரத்தை வரவேற்பில் கேளுங்கள். அது மாதத்துக்கு மாதம் மாறும்.

ஒன்று, விமானம் பிற்பகலில் என்றால் இதுவும் சரிப்படாது. முந்தின நாளே வெளியே வந்து தங்கிவிடுங்கள்.