கூத்துப் பெட்டியை யாரைக் கேட்டு எறிந்தீர்கள்?

கேள்வி: 2024 டிசம்பர் வெள்ளத்தில் எங்கள் வீட்டுக்குள் இடுப்பளவு தண்ணீர். ஊரில் பலருக்கு மாடு கன்று போய்விட்டது, வாங்கிய கடன் இன்னும் தீரவில்லை. இந்த நிலையில் திரௌபதி அம்மன் திருவிழாவுக்குப் பாரதக் கூத்து வைத்தே தீருவோம் என்று தலைக்கட்டு வரி வசூலிக்கிறார்கள். என் அப்பா கூத்து வாத்தியார். 67 வயதில் துரியோதனன் வேஷம் கட்டப்போவதாகத் தினமும் ஒத்திகைக்குப் போகிறார். இழவு வீட்டில் கூத்தா? வெள்ளம் வடிந்ததும் நனைந்த மெத்தை, பாய், அப்பாவின் கூத்துப் பெட்டி என்று எல்லாவற்றையும் ஒற்றை ஆளாகக் குப்பை வண்டியில் ஏற்றி, வீட்டைக் கழுவிவிட்டவன் நான். அவரை எப்படித் தடுப்பது?

பெயர் வேண்டாம், ஊத்தங்கரை வட்டம்

பதில்: தம்பி, வீட்டுப் பெரியவர் நம் பேச்சைக் கேட்பதில்லை என்று எனக்கு மாதம் நாலு கடிதமாவது வருகிறது. அவற்றில் பாதி, பிள்ளை செய்ததை மறைக்க எழுதியவை. உங்களுடையதும் அந்த ரகம்தான்.

மெத்தை, பாய், கூத்துப் பெட்டி. மூன்றையும் ஒரே மூச்சில் எழுதிவிட்டுப் போயிருக்கிறீர்கள். மெத்தை கடையில் கிடைக்கும். அந்தப் பெட்டியில் என்ன இருந்தது? கிரீடம், தோளில் கட்டும் புஜக்கட்டை, மார்புப் பதக்கம், சலங்கை. கல்யாண முருங்கைக் கட்டையில் செதுக்கி, கண்ணாடிச் சில்லும் ஜிகினாவும் ஒட்டிய சாமான்கள். நனைந்தால் ஜிகினா உரியும், கண்ணாடி உதிரும். நிழலில் காயவைத்துத் திரும்ப ஒட்டலாம். வாத்தியாரைக் கேட்டிருந்தால் அவரே சொல்லியிருப்பார். கேட்டீர்களா? திரும்பி வந்து பெட்டி இல்லாத மூலையைப் பார்த்தபோது அவர் என்ன சொன்னார்? கடிதத்தில் அதைப் பற்றி ஒரு வரி கூட இல்லை.

ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டர் கொட்டி, பஸ் நிலையம் பக்கம் நிறுத்தியிருந்த வேன்களையே உருட்டிக்கொண்டு போன மழை அது. அந்த மழை கூட உங்கள் அப்பாவின் பெட்டியை நனைத்துவிட்டுத்தான் போனது. தூக்கி எறிந்தது நீங்கள். பெற்றவர் உயிரோடு இருக்கும்போது அவர் பொருளைக் கேட்காமல் கழித்துக்கட்டுகிற பிள்ளை, வீட்டை எவ்வளவு சுத்தமாகக் கழுவியிருந்தாலும் எனக்குப் பிடிக்காது. பழைய காலத்து ஆள் என்று சொல்லிக்கொள்ளுங்கள்.

அடுத்து, இழவு வீட்டில் கூத்தா என்று கேட்கிறீர்கள். வாத்தியார் வீட்டுப் பிள்ளை கேட்கிற கேள்வியா இது? நம் பக்கம் கருமாதி ராத்திரிக்கு, கர்ணன் சாவைச் சொல்லும் கர்ண மோட்சக் கூத்து வைப்பது உங்களுக்குத் தெரியாதா? அப்பா எத்தனை இழவு வீட்டுக்குப் போய் ஆடிவிட்டு வந்திருப்பார், அந்தக் கூலியில்தானே நீங்கள் படித்தீர்கள்? மழை வரவில்லையென்றால் மழை வேண்டி விராட பர்வக் கூத்து வைக்கிற சனம், மழை அழித்துவிட்டுப் போன பிறகு மட்டும் கூத்தை விட்டுவிடுமா?

துரியோதனன் சாகிற படுகளத்தன்று ஒரு ஓரமாக நின்று பாருங்கள். களத்தில் மண்ணால் செய்த துரியோதனன் மல்லாந்து கிடப்பான். ஒப்பாரி எழும்போது கூட்டத்தில் பெண்கள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொள்வார்கள். கறவை மாடு செத்ததற்கு உட்கார்ந்து அழக்கூட நேரமில்லாமல் சேறு வாரிக்கொண்டிருந்தவர்கள் அவர்கள். அன்றைக்குத்தான் அழுவார்கள், துரியோதனனைச் சாக்கு வைத்து. விடிந்ததும் வேலைக்குப் போவார்கள். கூத்து கடனை அடைக்காது. அடைக்கும் என்று ஊரில் யாரும் சொல்லவும் இல்லை. வரி கட்ட வழியில்லாத வீடுகளை இந்த வருஷம் விட்டுவிடச் சொல்லி ஊர்க் கூட்டத்தில் பேசுங்கள். உங்கள் ரோஷத்தை அங்கே காட்டலாம்.

அப்பாவைத் தடுக்க வழி கேட்டீர்கள். சொல்லமாட்டேன். இரவல் கிரீடம் வைத்துக்கொண்டு ஒத்திகைக்குப் போகிற மனிதரை வழிமறிக்க நான் துணை வரமாட்டேன். இன்று ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு பக்கத்தில் உட்கார்ந்து, தப்பு செய்துவிட்டேன் என்று சொல்லுங்கள். கட்டை செதுக்குகிறவர் யார் என்று அவரையே கேட்டு, முன்பணம் கொடுத்துவிட்டு வாருங்கள். சலங்கை வெண்கலம், தண்ணீரில் கெடாது. அன்றைக்குக் குப்பை வண்டியோடு வந்தவரைத் தேடிப்பிடித்து விசாரியுங்கள். எடுத்து வைத்திருந்தாலும் வைத்திருப்பார்.